குட்டி ஜப்பானாம்!

சிவகாசியைப் பற்றி எவர் பேச எழுந்தாலும், முதல் வாக்கியத்திலேயே ஒரு பட்டம் வந்து குந்திக் கொள்கிறது. குட்டி ஜப்பான்! மேடையிலே முழங்குகிறார்கள். மலர்களிலே எழுதுகிறார்கள். தீபாவளி நெருங்கிவிட்டால் போதும், பத்திரிகைகள் அத்தனையும் அதே பல்லவியைப் பாடத் தொடங்கிவிடும். பண்டித நேரு சூட்டிய பெயர் என்பார்கள். உழைப்பைக் கண்டு வியந்து, நல்ல மனத்தோடு சொன்ன சொல்லாகத்தான் இருக்கும். அவரோடு நமக்கு வழக்கில்லை. இத்தனை ஆண்டுகளாக அந்தச் சொல்லைப் பதக்கமாக மார்பிலே குத்திக் கொண்டு திரிகிறோமே, நம்மோடுதான் வழக்கு.

தோழர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். கோவை எது என்றால் தென்னாட்டு மான்செஸ்டர். மதுரை எது என்றால் கிழக்கின் ஏதென்ஸ். பாளையங்கோட்டை தென்னாட்டு ஆக்ஸ்போர்டு. குற்றாலம் தென்னாட்டு ஸ்பா. ஒவ்வோர் ஊருக்கும் கடல் கடந்த ஒரு மாமன்! அந்த மாமன் பெயரைச் சொன்னால்தான் மருமகனுக்கு மதிப்பு! மான்செஸ்டர்க்காரன் எவனாவது தன் ஊரை 'மேல்நாட்டுக் கோயமுத்தூர்' என்று சொல்லி மீசையை முறுக்கியதுண்டா? ஏதென்ஸ் நகரத்தான் 'எங்கள் ஊர் மேற்கின் மதுரை' என்று வளைவு கட்டி எழுதி வைத்ததுண்டா? கடன் வாங்கிய வேட்டியைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறவன், பந்தியிலே உட்கார்ந்தாலும் வேட்டிக்காரன் முகத்தையே பார்த்துக் கொண்டிருப்பான். சாம்பார் சிந்திவிடுமோ என்ற கவலையிலே சாப்பாடு இறங்காது.

இதிலே இன்னொரு வேடிக்கை உண்டு. ஜப்பானுக்கே தீப்பெட்டி பிறந்த வீட்டுச் சீதனமல்ல. ஷிமிசு மாகோட்டோ என்பவர் பிரான்சு நாடு சென்று படித்துத் திரும்பி, 1870களிலே டோக்கியோவிலே அந்தத் தொழிலைத் தொடங்கி வைத்தார். சுவீடன் நாட்டுப் பாதுகாப்புத் தீக்குச்சி உலகச் சந்தையிலே கொடி கட்டிப் பறந்த காலம். ஜப்பான் கற்றுக் கொண்டது, செய்தது, சில பத்தாண்டுகளுக்குள் ஆசியச் சந்தைகளிலே தன் பெட்டிகளைக் குவித்தது. ஆனால் தன்னைக் 'குட்டிச் சுவீடன்' என்று அது அழைத்துக் கொள்ளவில்லை. கற்றது வேறு, பெயரைத் தொலைத்தது வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம்மவர்களும் அப்படித்தான் கற்றார்கள். வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்தால் கம்பும் இல்லை, பருத்தியும் இல்லை. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறிப் போனார்கள். தீக்குச்சி செய்யும் வித்தையைக் கற்றுத் திரும்பினார்கள். 1923இல் சிவகாசியிலே தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. பெட்டிக்கு ஒட்ட லேபில் வேண்டும். லேபில் அடிக்க அச்சுக்கூடம் வந்தது. வர்ண மத்தாப்பிலிருந்து பட்டாசு வந்தது. இரண்டாம் உலகப் போரிலே கப்பல் சரக்கு நின்றுபோக, உள்ளூர்ப் பட்டாசுக்குச் சந்தை திறந்தது. அச்சுக்கூடத்திலிருந்து காலண்டர் வந்தது. ஒன்றின் வயிற்றிலே ஒன்று பிறந்த மூன்று தொழில்கள். முதலாளிமார் பெயர்கள் மண்டபங்களிலே இருக்கின்றன. சட்டத்திலே குச்சி அடுக்கிய விரல்களுக்கும், பசை காயுமுன் பெட்டி ஒட்டிய விரல்களுக்கும், சரம் பின்னிய விரல்களுக்கும் பெயர்ப்பலகை கிடையாது. சாத்தூரிலும் சிவகாசியிலும் கோவில்பட்டியிலும் சுற்றுவட்டக் கிராமங்களிலும் தாய்மாரும் தங்கைமாரும் பட்ட பாடு அது. அந்த விரல்கள் எல்லாம் ஜப்பானிலிருந்து இறக்குமதி ஆனவையா, என்ன?

பேச்சு வழக்கையே பாருங்களேன். உயர்ந்த சரக்கு என்றால் நம் பாட்டிமார் வாயிலே வரும் சொல் 'சீமை'. சீமைத் துணி, சீமை ஓடு, சீமை எண்ணெய், சீமைச் சாராயம். கப்பலிலே வந்ததெல்லாம் உசத்தி, காட்டிலே விளைந்ததெல்லாம் மட்டம் என்று இரு நூறு ஆண்டு ஆட்சி நம் நாக்கிலேயே எழுதிவிட்டுப் போயிற்று. அந்த வரிசையிலே சீமைக் கருவேலமும் ஒன்று! அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அந்த விருந்தாளி இன்றைக்கு நம் கண்மாய்களையெல்லாம் வளைத்துப் போட்டுக் கொண்டு உட்கார்ந்திருக்கிறது. விறகுக்கும் கரிக்கும் உதவுகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் சீமை என்றால் உசத்தி என்று எவராவது இனி வாதாட வந்தால், ஒரு நாள் கண்மாய்க்குள் செருப்பில்லாமல் நடந்து வரச் சொல்லுங்கள்.

இத்தனைக்கும், ஒரு பெயருக்காக உயிரையே கொடுத்த மண் இது! விருதுநகர்ப் பெரியவர் சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27ஆம் நாள் உண்ணாநோன்பு தொடங்கினார். அவர் வைத்த கோரிக்கைகள் 12. அவற்றிலே தலையானது, சென்னை ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்பது. அப்போது முதலமைச்சர் நாற்காலியிலே இருந்த காமராசரும் அதே விருதுநகரிலே பிறந்தவர். வாரங்கள் ஓடின, மாதங்கள் ஓடின, உடல் சுருங்கிற்று, உறுதி சுருங்கவில்லை. எழுபது நாட்களுக்கும் மேலாக உண்ணாதிருந்து, அக்டோபர் 13இல் மதுரை மருத்துவமனையிலே கண் மூடினார். 1967 ஜூலை 18இல் சட்டமன்றம் பெயர் மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14 முதல் பெயர் நடைமுறைக்கு வந்தது. 'பெயரிலே என்ன இருக்கிறது?' என்று அன்றும் கேட்டவர்கள் உண்டு. ஒன்றுமே இல்லையென்றால் கேட்டவுடன் கொடுத்துத் தொலைத்திருக்கலாமே! அந்த மனிதர் பட்டினி கிடந்த விருதுநகருக்கும், குட்டி ஜப்பான் என்று குதூகலிக்கும் சிவகாசிக்கும் இடையிலே ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை.

சரி, பெயரை விடுங்கள். சுவரைப் பாருங்கள்.

ஆடிப் பதினெட்டிலே சிவகாசி அச்சகங்கள் அடுத்த ஆண்டுக் காலண்டருக்கான ஆல்பத்தை வெளியிடும். சாமி படம், தலைவர் படம், குழந்தை படம் எல்லாம் இருக்கும். கூடவே, 'இயற்கைக் காட்சி' என்று ஒரு வகை இருக்கும். எந்த இயற்கை? பனி தொப்பி போட்ட மலை. அடிவாரத்திலே பச்சைப் பாய் விரித்த புல்வெளி. சன்னலுக்குச் சன்னல் பூந்தொட்டி வைத்த மர வீடு. கழுத்திலே மணி கட்டிய கொழுத்த பசு. சுவிட்சர்லாந்து! டீக்கடையிலும், சலூனிலும், பலசரக்குக் கடையிலும், கல்யாண மண்டபத்து வரவேற்பிலும் இந்தப் படத்தைத்தான் பார்த்து வளர்ந்தோம். நூற்றுப் பத்து டிகிரி வெயிலிலே விசிறி மட்டையால் விசிறிக் கொண்டு, சுவரிலே பனிமலையைப் பார்த்துக் குளிர் காய்ந்த தலைமுறை நாம்!

ஒரு காலத்திலே இந்தப் படங்களுக்கு நம் மண்ணின் கை இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கோவில்பட்டியிலே வாழ்ந்து 1976இல் மறைந்த ஓவியர் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்து கொடுத்த படங்கள் சிவகாசியிலே அச்சாகி நாடெங்கும் போயின. நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிப் பழகிய கை அவருடையது. இன்று அந்தக் கைகளின் இடத்திலே கணிப்பொறி வந்திருக்கிறது. கணிப்பொறியைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்தப் படத்தை எடு என்று சொல்கிறோமோ, அதை எடுக்கிறது.

இயந்திரத்தடியிலே நிற்கும் தோழனை எண்ணிப் பாருங்கள். மஞ்சளும் சிவப்பும் நீலமும் கறுப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற ஏற, தாளுக்குத் தாள் ஆல்ப்ஸ் மலை பிறந்து அடுக்கிலே விழுகிறது. மழை பெய்து ஓய்ந்த காலையிலே அவன் வெளியே வந்து மேற்கே திரும்பினால், அங்கேயும் ஒரு மலை நீலமாக நிற்கும். அதற்கு ஆல்பத்திலே இடமில்லை.

"அட, போங்கண்ணே! அந்த மலை எங்கே, நம்ம மலை எங்கே?" என்று கேட்கும் தம்பிமார் இருப்பார்கள். தம்பி, அந்த மலை அழகுதான். யார் இல்லை என்றது? பிறன் நாட்டு மலையைப் பழித்துத்தான் தன் நாட்டு மலையைப் புகழ வேண்டும் என்றால், அந்தப் புகழ்ச்சி ஊனப் புகழ்ச்சி. ஆனால் காலண்டரிலே இருக்கும் அந்த மலையைப் பற்றி, காலண்டர் சொல்லாத சில செய்திகள் உண்டு. கேட்டுக்கொள்.

சுவிட்சர்லாந்திலே பெர்ன் மாநிலத்து மலைநாட்டிலே புருட்டிகன் என்று ஓர் ஊர். பனிமலை, புல்வெளி, மரவீடு எல்லாம் உண்டு; காலண்டருக்கென்றே செய்து வைத்ததுபோன்ற பள்ளத்தாக்கு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே, 1850 வாக்கிலிருந்து, அந்தப் பள்ளத்தாக்கு மக்கள் வயிற்றுப் பாட்டுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா? தீக்குச்சி செய்தார்கள்! ஆம், தோழர்களே, தீக்குச்சிதான். நிலம் சோறு போடவில்லை. பெரியவர் சிறியவர் பாராமல் குடும்பம் குடும்பமாகக் குச்சி அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள். குழந்தைகள் விளையாட வேண்டிய வயதிலே மருந்து நாற்றத்திலே உட்கார்ந்திருந்தார்கள். கேட்ட கதைபோல இருக்கிறதா? நம் கதையேதான். சுவிட்சர்லாந்திலே ஒரு சாத்தூர் இருந்தது. நாம் அதைப் படத்திலே பார்த்து, சொர்க்கம் என்று மாட்டி வைத்திருந்தோம்.

அந்தச் சாத்தூரின் துன்பம் நம் சாத்தூரைவிடக் கொடியது. அந்நாளிலே குச்சி முனைக்கு வெண் பாஸ்பரஸ் என்ற நஞ்சைப் பயன்படுத்தினார்கள். அதன் ஆவி பல்லின் ஓட்டை வழியே உள்ளே போகும், தாடை எலும்பு அழுகும், சீழ் வடியும், முகம் உருக்குலையும். தாடையை அறுத்தெடுத்தால் உயிர் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். சுவிட்சர்லாந்து 1877இல் தொழிற்சாலைச் சட்டம் கொண்டு வந்தது. நாளுக்கு 11 மணி நேரத்துக்கு மேல் வேலையில்லை, 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆலையிலே இடமில்லை என்றது. 1879இல் வெண் பாஸ்பரஸுக்குத் தடை போட்டது. மூன்றே ஆண்டு! 1882இல் அந்தத் தடை நீங்கியது. நஞ்சு திரும்பி வந்தது. மறுபடியும் தடை போட 1898 ஆயிற்று. நல்ல சட்டம் ஒரு முறை வந்துவிட்டால் தானாக நின்றுவிடும் என்று நினைப்பவர்கள் இந்த மூன்று ஆண்டுகளையும் அதன் பின் வந்த பதினாறு ஆண்டுகளையும் நினைவிலே வைத்துக் கொள்வது நல்லது.

இலண்டனிலும் இதே நோய். 1888 ஜூலையிலே அங்கே தீப்பெட்டி ஆலைப் பெண்கள் ஏறத்தாழ 1,400 பேர் வேலையை நிறுத்திவிட்டு வீதிக்கு வந்தார்கள். அவர்களுடைய துயரத்தை ஏட்டிலே எழுதி உலகறியச் செய்தவர், பிற்காலத்திலே அடையாற்றிலே வந்து தங்கிய அன்னி பெசன்ட் அம்மையார். அந்தப் போராட்டங்களும் மருத்துவர்களின் அறிக்கைகளும் சேர்ந்து, 1906இல் பல நாடுகள் ஒன்றுகூடி வெண் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்யும் உடன்படிக்கையிலே கையெழுத்திட்டன. கூடிய இடம் எது? பெர்ன் நகரம். புருட்டிகன் பள்ளத்தாக்கு இருக்கும் அதே மாநிலத்தின் தலைநகர்!

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். அந்த உடன்படிக்கையின் அலை இந்தியாவுக்கும் வந்தது. 1913இல் இங்கேயும் வெண் பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. சிவகாசியிலே தொழில் தொடங்கியது 1923. பத்தே ஆண்டு இடைவெளி! நம் பாட்டிமார் எத்தனையோ துன்பம் பட்டார்கள். கூலி குறைவு, முதுகு வலி, தீ விபத்து எல்லாம் பட்டார்கள். தாடை அழுகும் துன்பம் ஒன்றுமட்டும் அவர்கள் வாசலுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்றால், நாம் பெயர் அறியாத அந்தப் பனிமலைப் பெண்களும், இலண்டன் வீதியிலே நின்ற பெண்களும் முன்னாலேயே அந்த விலையைக் கொடுத்துவிட்டார்கள். சுவிட்சர்லாந்துக்கு நாம் பட்ட கடன் இது. காலண்டரிலே அந்த நாட்டுப் பசுவைப் பார்த்து வணங்குவதற்குப் பதில் இதற்கு வணங்கலாம்.

இன்னொன்று. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து போகும் கொத்தார்டு ரயில் சுரங்கம் 15 கிலோமீட்டர் நீளம். 1872இல் தொடங்கி 1882இல் முடிந்தது. குடைந்தவர்களிலே மிகப் பெரும்பாலோர் இத்தாலி நாட்டு ஏழைக் கூலிகள். புகையும் வெடிமருந்தும் நிறைந்த குகை. 1875 ஜூலையிலே கோஷெனன் என்ற இடத்திலே, காற்றோட்டமும் கூலி உயர்வும் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். துப்பாக்கி பேசிற்று. நால்வர் மாண்டனர். சுரங்கம் முடிவதற்குள் ஏறத்தாழ 200 உயிர்கள் போயின. வின்சென்சோ வேலா என்ற சிற்பி, உழைப்பிலே மாண்டவர்களுக்கென்றே ஒரு சிற்பம் செய்தார்: பிணத்தைத் தூக்கிச் செல்லும் தொழிலாளிகளின் உருவம். சுரங்கத்தின் மறு வாயிலான ஐரோலோ ஊரிலே அது நிற்கிறது. அந்த நாட்டுக்குப் போய்த் திரும்பும் நம் செல்வர்கள் சாக்லேட்டும் கைக்கடிகாரமும் வாங்கி வருகிறார்கள். இந்தச் சிற்பத்தைப் பார்த்து வந்ததாக ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை.

சரி, நம் பக்கத்துச் சுவருக்கு என்ன மாட்டுவது?

திருத்தங்கல் இருக்கிறது. சிவகாசியை ஒட்டிய ஊர். இன்று இரண்டும் ஒரே மாநகராட்சி. பலருக்கு அது ஒரு ரயில் நிலையம், ஒரு மலைக்கோயில், அவ்வளவுதான். சங்க காலத்திலே அதன் பெயர் தங்கால். அந்த ஊர்ப் பெயரோடு புலவர்கள் உண்டு. யார் அவர்கள்? தங்கால் பொற்கொல்லனார், தங்கால் முடக்கொல்லனார். பொன் தட்டியவர் ஒருவர், உலைக்களத்துத் தொழிலைப் பெயரிலே சுமந்தவர் ஒருவர். முன்னவர் பாட்டு புறநானூற்றிலே இருக்கிறது, பின்னவர் பாட்டு குறுந்தொகையிலே இருக்கிறது. தட்டறையும் உலைக்களமும் கொடுத்த புலவர்கள்! இலக்கியம் நமக்கேன், அது படித்தவர் சங்கதி என்று ஒதுங்கும் தோழன், தன் ஊர்த் தொழிலாளி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய பாட்டைத்தான் ஒதுக்குகிறான்.

அதே தங்காலைப் பற்றிச் சிலப்பதிகாரம் ஒரு வழக்கைச் சொல்கிறது. கட்டுரை காதையிலே வருவது. தங்காலிலே வார்த்திகன் என்பவனுடைய சிறு மகன் மழலை மாறாமல் மறை ஓதக் கேட்டு மகிழ்ந்த பராசரன் என்ற வழிப்போக்கன், தான் சேர மன்னனிடம் பெற்று வந்த அணிகலன்களை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறான். ஏழை வீட்டிலே நகை மின்னினால் அதிகாரிக்குப் பொறுக்குமா? புதையலை ஒளித்து வைத்தான் என்று தகப்பனைப் பிடித்துச் சிறையிலே போட்டார்கள். மனைவி கார்த்திகை தரையிலே புரண்டு அழுதாள். கொற்றவை கோயில் கதவு திறக்க மறுத்தது. பாண்டியன் விசாரித்தான், தன் ஆட்சியிலே தவறு நடந்தது என்று அறிந்தான். வார்த்திகனை விடுவித்தான், மன்னித்தருள் என்று கேட்டு நிலத்திலே விழுந்து வணங்கினான். தங்காலையும் வயலூரையும் கொடுத்தான். அதோடு நில்லாமல் சிறைக்கதவுகளைத் திறக்கச் சொல்லி, புதைத்த பொருளானாலும் கிடைத்த பொருளானாலும் எடுத்தவனுக்கே சொந்தம் என்று முரசறைவித்தான். நடந்ததோ, புனைந்ததோ! பொய் வழக்குப் போட்ட அரசு, ஏழையின் காலடியிலே மன்னிப்புக் கேட்பது முறை என்று எழுதி வைத்த நூல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அந்த முறைக்குச் சாட்சி சொல்ல அது தேர்ந்தெடுத்த ஊர் நம் திருத்தங்கல். இதற்கு ஈடாக எந்தப் பூந்தொட்டியை வைப்பது?

வெம்பக்கோட்டைப் பக்கம் போங்கள். அந்த வட்டாரம் எங்கும் வெடி ஆபீஸ். அங்கே வைப்பாற்றுக் கரையிலே, விஜயகரிசல்குளத்திலே, 2022 முதல் தொல்லியல் துறையினர் குழி தோண்டிப் பார்த்தார்கள். சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள், விளையாட்டுக் காய்கள், பொன்னணி என்று ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. அறுத்த சங்குத் துண்டுகளைப் பார்த்தவர்கள், இங்கே வளையல் செய்யும் தொழிற்கூடம் இருந்திருக்கிறது என்று சொல்கிறார்கள். கடலோ தொலைவு. மன்னார் வளைகுடாவின் சங்கை உள்நாட்டுக்குக் கொண்டு வந்து, அறுத்து, இழைத்து, வளையலாக்கியிருக்கிறார்கள். மூலப்பொருள் வெளியிலிருந்து வர, உள்ளூர்க் கைத்திறனால் பொருளாக்கி விற்பது சிவகாசிக்கு 1923இல் வந்த புதுப் பழக்கமல்ல போலிருக்கிறது! கந்தக நெடி வீசும் அதே கரிசலுக்குள் அந்த வளையல்கள் கிடந்தன. மேலே சரம் பின்னிய பெண்ணின் காலுக்குக் கீழே, சங்கு இழைத்த பெண்ணின் வளையல்.

மலைக்கு வருவோம். திருவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு. அரிய சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988இல் சரணாலயமாக்கிய காடு. 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாயிற்று. வீட்டு முற்றத்து அணிலைப் போலப் பல மடங்கு பெரிய அந்த அணில் மரத்துக்கு மரம் தாவும்போது, அதன் வால் பின்னாலே புகைபோல வரும். இராசபாளையத்தருகே அய்யனார் அருவி. வத்திராயிருப்புக்கு அப்பால், தாணிப்பாறை வழியே ஆடி அமாவாசைக்குக் கூட்டம் ஏறும் சதுரகிரி. நடுவே, 11 நிலைக் கோபுரத்தோடு திருவில்லிபுத்தூர். அரசு முத்திரையிலே இருப்பது அந்தக் கோபுரம்தான் என்பது நாடறிந்த பேச்சு. இல்லை, மதுரை மேலைக் கோபுரம் என்று வாதாடுவோரும் உண்டு. வாதாடட்டும். இரண்டும் நம்முடையவை.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழம்பெருமை பேசும் ஒரு கூட்டம் உண்டு. விமானம் நாம் கண்டது, அணு நாம் கண்டது, உலகத்துக்கே வேட்டி கட்டக் கற்றுக் கொடுத்தது நாம் என்று அடுக்கிக் கொண்டே போவார்கள். குட்டி ஜப்பான் என்று கூத்தாடுகிறவனும் இவனும் ஒட்டிப் பிறந்த இரட்டையர். அவன் பிறன் கண்ணாடியிலே முகம் பார்க்கிறான், இவன் கண்ணாடியே பார்ப்பதில்லை. இருவருமே வெடி ஆபீஸ் வாசல் பக்கம் வரமாட்டார்கள்.

அந்த வாசலுக்கு நாம் போக வேண்டியிருக்கிறது. 2012 செப்டம்பர் 5. முதலிப்பட்டி. நாற்பது உயிர்கள் வரை போயின. வேலை செய்தவர்கள் மட்டுமா? சத்தம் கேட்டு உதவிக்கு ஓடியவர்களும் போனார்கள். 2021 பிப்ரவரி 12. அச்சங்குளம். இருபதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். இடையிலும் முன்னும் பின்னும் நடந்தவற்றை எண்ண இந்தப் பக்கம் போதாது. ஒவ்வொரு முறையும் மருந்துக் கலவையிலே உராய்வு என்பார்கள், அனுமதித்த அளவுக்கு மேல் ஆள் என்பார்கள், குத்தகைக்கு விட்ட கூடம் என்பார்கள், இழப்பீடு அறிவிப்பார்கள், அடுத்த தீபாவளி வரும். குழந்தை உழைப்பு வழக்கிலும் அப்படித்தான். சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளின் பிள்ளைகளுக்காகத் தொடுத்த வழக்கிலே, ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996 டிசம்பர் 10இல். புருட்டிகன் பிள்ளைகளுக்குச் சட்டம் வந்தது 1877இல். இடையிலே 119 ஆண்டு! நாம் அந்த நாட்டிலிருந்து படத்தை இறக்கினோம், சட்டத்தை இறக்கத் தாமதித்தோம்.

சனிக்கிழமை சம்பளத்தை வாங்கி, கடைக்கடனைக் கட்டி, ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து, தண்ணீர் பிடித்து, திங்கட்கிழமை விடியலிலே வேனிலே ஏறுகிறவளிடம் போய், 'அம்மா, உன் நாட்டின் அழகைப் பார்க்கவில்லையே' என்று கேட்கும் துணிவு எனக்கில்லை. மலையைப் பார்க்க நேரம் வேண்டும். பேருந்துக்குக் காசு வேண்டும். கூலியோடு கூடிய ஒரு நாள் ஓய்வு வேண்டும். சுவிட்சர்லாந்தின் தொழிலாளி தன் மலையைத் தானே ஏறிப் பார்க்கிறான் என்றால், 11 மணி நேரத்தை 10 ஆக்கி, 10ஐ 8 ஆக்கி, கூலியோடு விடுப்பும் வாங்கிய பிறகு ஏறினான். அதுவரை அவனுக்கும் அந்த மலை வெறும் குளிர்.

ஆகவே சங்கங்களிலே இருக்கும் தோழர்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது. போனஸ் பேச்சு நடக்கும்போது, கூடத்திலே எத்தனை பேர், மருந்து எவ்வளவு என்று கேட்கும்போது, கூலியோடு ஆண்டுக்கு ஒரு சுற்றுலா நாளையும் பட்டியலிலே சேருங்கள். நகைப்பார்கள். எட்டு மணி நேரம் கேட்டபோதும் நகைத்தார்கள். அச்சகத் தோழர்கள் இன்னொன்றும் செய்யலாம். ஆடிப் பதினெட்டு ஆல்பத்துக்குப் படம் பொறுக்கும் மேசையருகே நிற்பவர்கள் நீங்கள். செண்பகத்தோப்பு அணில் ஒன்று, வெம்பக்கோட்டைச் சங்கு வளையல் ஒன்று, தங்கால் மலை ஒன்று என்று மூன்றே மூன்று மாதிரி அடித்து வையுங்கள். ஆர்டர் வருகிறதா, இல்லையா என்று பார்த்துவிடலாம். ஆல்ப்ஸையும் விட்டுவிட வேண்டாம். அதன் அடியிலே 'இந்தப் பள்ளத்தாக்கிலும் தீக்குச்சி செய்தார்கள்' என்று ஒரு வரி போடுங்கள்.

தங்கால் மலைக்குப் படம் எடுக்கப் போக, சிவகாசிப் பேருந்து நிலையத்திலிருந்து கால் மணி நேரம் போதும். மழை பெய்த மறுநாள் காலையிலே போனால், மேற்கே மலையும் சேர்ந்து விழும்.